ஒற்றை ஜன்னல்

பனிமழையின் மூன்றாம் நாள்.
மேப்பிள் கிளைகள் ராத்திரி முழுக்க
துப்பாக்கி வெடிப்பதுபோல் முறிந்தன.
மொன்ட்ரியாலுக்குத் தெற்கே எங்கள் சாலையில்
பதினேழு வீடும் இருட்டு.

வேலியோரம் ஒரு கம்பி அறுந்து கிடந்தது,
கண்ணாடிக்குள் வார்த்து வைத்ததுபோல்.
"செத்த கம்பின்னு ஒண்ணு கிடையாது, பத்து மீட்டர் தள்ளி நில்"
என்று எலோடியை வாசலிலேயே மறித்தேன்.
அடி வைத்து அளந்தும் காட்டினேன்.
நான் விவரம் தெரிந்தவன்.

மாடுகள் நாற்பத்தொன்று.
மடி கனத்து அவை கத்தும்போது
காதைப் பொத்தினாலும் வயிற்றில் கேட்கும்.
மார்க்கீஸ் மட்டும் கத்தாமல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏலத்தில் எடுத்த ஜெனரேட்டர் கொட்டகையில் இருந்தது.
வயரை நானே செய்தேன்:
இரண்டு முனையிலும் பின்.
ஒன்று ஜெனரேட்டரில்,
இன்னொன்று துணி உலர்த்தும் மெஷினுக்கான பிளக் பாயிண்டில்.
இத்தனை வருஷம் சுவர் எனக்குக் கொடுத்தது,
அன்றைக்கு நான் சுவருக்குக் கொடுத்தேன்.

விளக்கு எரிந்தது. ரேடியோ பேசியது.
கறவை மெஷின் மூச்சுவிடத் தொடங்கியது.
நாலு மணி நேரம் கறந்தேன்,
ராஜா மாதிரி.

மெயின் சுவிட்ச்?
அது நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்.
ஞாபகத்துக்கே வரவில்லை.

பொழுது சாய்ந்தபின்
மஞ்சள் விளக்கு சுழல ஒரு லாரி வந்தது.
தொட்டியில் நின்று மேலே போனவளின் ஹெல்மெட்டில்
கிஸ்லேன் என்று எழுதியிருந்தது.
என் வீட்டுக் கம்பத்துக்கு இரு பக்கமும் கம்பி அறுந்திருந்தது.
நடுவில் தொங்கிய துண்டுக்கு
எங்கிருந்தும் எதுவும் வர வழியில்லை.
அவளிடமிருந்த காகிதப்படி அது செத்தது.
அவள் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு
நீண்ட கோலின் நுனியில் சோதனைக் கருவியை நீட்டினாள்.
அது அலறியது.

என் இருநூற்று நாற்பது வோல்ட்
கம்பத்து டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்வாசல் வழியாக ஏறி
பதினாலாயிரமாக
அவள் முகத்துக்கு நேரே நின்றது.

அவள் சத்தம் போடவில்லை.
மேலிருந்தபடி சாலையைப் பார்த்தாள்.
பதினேழு வீட்டில்
ஒரே ஒரு ஜன்னல்.

கதவைத் தட்டினாள்.
"உங்க வீட்டுல வெளிச்சம் இருக்கே" என்றாள்.
பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.
"ஆமா, உள்ளே வாங்க, காபி சூடா இருக்கு."

முதலில் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னாள்.
பிறகு டார்ச்சோடு நிலவறைக்கு இறங்கி
மூட்டையை அவளே இழுத்துப் போட்டாள்.
"இது ஆன்ல இருந்தா
எனக்கும் சேர்த்துத்தான் கொடுக்கறீங்க."
கைப்பிடியை நான்தான் இறக்கினேன்.
கை அவ்வளவு நடுங்கும் என்று தெரியாது.

வயரை இரண்டாக வெட்டி
பின்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.
"மாடுங்க?" என்றேன்.
"ஜெனரேட்டர்லேருந்து மெஷினுக்கு நேரா வயர் இழுங்க,
சுவர் பக்கமே போகாதீங்க.
அதை வெளியே வையுங்க, அந்தப் புகை மாட்டையும் விடாது."

மறுபடி மேலே போனாள். கருவி வாய் திறக்கவில்லை.
அந்த அமைதியையும் நம்பாமல்
மண்ணுக்கு இறங்கும் வயரைப் பூட்டிய பிறகே
கம்பியில் கை வைத்தாள்.

பால் லாரி அந்த வாரம் வரவேயில்லை.
கறந்தது அத்தனையும் பனியில் ஊற்றினேன்,
எது பால் எது பனி என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா புருஷன் நொர்மான் போன் செய்தான்:
"அந்த வயரைக் கொஞ்சம் கொடேன், இங்கே குளிர் தாங்கல."
"அது இல்ல. உங்க வீட்டு மெயின் எங்க இருக்கு?"
யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.
"தெரியலையே" என்றான்.
"போய்த் தேடிட்டு வா.
நான் லைன்லதான் இருக்கேன்."