மாசிக்காய்

முல்லை அரும்பென்று பல்லைப் பாடியவர்
கனாசவா போயிருந்தால்
பாட்டில்லாமல் திரும்பியிருப்பார்.

அங்கே மணமானவள் பல் கறுப்பு.
துருப்பிடித்த ஆணி ஊறிய காடி,
மாசிக்காய்ப் பொடி;
இரண்டு நாளைக்கொரு முறை
தூரிகையால் பூசிக்கொள்வாள் இசோ.
முதலில் நாற்றம், பிறகு மினுக்கம்:
மழையில் நனைந்த அரக்குக் கிண்ணம்.

யோகோஹாமாவிலிருந்து தொப்பியோடு வந்த கணவன்
பற்பொடி ஒன்றை நீட்டினான்.
"இனி வெள்ளைதான் நாகரிகம்."

தேய்த்தாள். கறுப்பு ஒரேயடியாகப் போகவில்லை;
ஓரம் பழுப்பு, நடுவில் சாம்பல்,
காரை பெயர்ந்த சுவர்.
ஆறு மாதம் கைக்குப் பின்னால் சிரித்தாள்.

வெளுத்த பிறகு
படம் எடுப்பவன் சொன்னான்:
"வாயை மூடிக்கொள்ளுங்கள் அம்மா,
அசைந்தால் கலங்கிவிடும்."

மூன்றாம் குளிரில் கடைவாய் குடைந்தது.
அடுப்படியில் அந்த ஜாடி.
ஆணிகள் இன்னும் ஊறிக்கொண்டிருந்தன.