மூன்றாம் துளை

வைஃபை பெட்டியின் அடாப்டரைச் செருகியது ரெஜினால்டு.
"ஊசி பொருந்துச்சே" என்றான்.
பொருந்துவதெல்லாம் பொருத்தமா?
அது பன்னிரண்டு வோல்ட், நடுவில் பிளஸ்.
என் பெடல் கேட்பது ஒன்பது, நடுவில் மைனஸ்.
ஒரு நொடி. பிளாஸ்டிக் சீப்பு கருகுவதுபோல் வாடை.
பச்சைப் பெட்டியின் சிவப்புக் கண் மூடிக்கொண்டது.

நான்கு திருகுகளைக் கழற்றி சாசரில் போட்டேன்.
உள்ளே,
தலைகீழாய் வந்ததை வாசலிலேயே மறித்துத்
தானே வெந்துபோன டயோடு,
ஓர் அரிசி மணியளவு.
அதன் காலடியில் செம்புத்தடம் உரிந்து கிடந்தது.
மற்றதெல்லாம் பிழைத்திருந்தது.
எனக்கு முன்னால் இதைத் திறந்தவர் யாரோ
ஈயத்தைக் கஞ்சிபோல் வழியவிட்டிருக்கிறார்,
கறுப்பு வயர் தீர்ந்து மஞ்சளில் ஒட்டியிருக்கிறார்.
அவசரக்காரர்.
அல்லது, கச்சேரி அன்றைக்கு மாலையே.

எப்போதும் முனகுகிற பெடல்தான்.
திறந்தது திறந்தாயிற்று,
முனகலுக்கும் சேர்த்தே மருந்து என்று
எஸ்.பி. ரோடு போனேன்.
ஒரு டயோடு கேட்டால்
பத்துக்குக் கீழே சாந்திலாலுக்கு விரல் எண்ணாது.
"ரேடியோவா மேடம்?"
"கிடார்."
"அதுக்கு எதுக்குக் கரண்ட்?"

பழைய டயோடு பாதையோரம் நின்றது.
புதியதைப் பாதையிலேயே நிறுத்தினேன்.
இனி தப்பான திசையில் வந்தால் கதவே திறக்காது.
சுங்கம் கால் வோல்ட். போகட்டும்.
அடுத்து ஒரு ரெசிஸ்டர், பின்னால் கொழுத்த கண்டென்சர்:
கலங்கி வருவதைக்
குடத்தில் தெளியவைக்கும் ஏற்பாடு.
உரிந்த தடத்தின் மேல்
ரெசிஸ்டரின் வெட்டிய காலை வளைத்துப் பாலம்.

மீட்டர் எட்டு புள்ளி ஏழு என்றது.
சிவப்புக் கண் திறந்தது.
கிடாரைச் செருகினேன்.

ம்ம்ம்ம்ம்.

அடாப்டரை மாற்றினேன். ம்ம்.
பேட்டரி போட்டேன். ம்ம்.
பெடலையே விலக்கி ஆம்ப்பில் நேராகச் செருகினேன்.
சன்னமாய், ஆனால் அதே ம்ம்.
தந்தியில் விரல் வைத்தால்
கட்டெறும்பு ஊர்கிறது.
மூன்று இரவாய்
ஒரு நிரபராதியை விசாரித்திருக்கிறேன்.

சுவருக்குத் திரும்பினேன்.
மூன்றாம் துளையில் மீட்டர்
ஏழு என்றது, நாற்பது என்றது, பன்னிரண்டு என்றது,
காய்ச்சல்காரன் பிதற்றுவதுபோல்.
மெயினை அணைத்து போர்டைக் கழற்றினால்
அந்தத் துளைக்குப் பின்னால்
ஒட்டடை. வயரே இல்லை.

ஓனர் நஞ்சுண்டப்பா தலை சொறிந்தார்.
"எர்த்து செகண்ட் ஃப்ளோர் வரைக்கும்தாம்மா.
உங்க மாடி அப்புறம் கட்டினது."
குரலைத் தணித்தார்.
"பிளான்ல இல்லை."

லிங்கராஜபுரத்தில்
பத்தொன்பதாயிரம் வாடகை, ஆறு மாத அட்வான்ஸ்,
காகிதத்தில் இல்லாத ஒரு மாடி,
மண்ணோடு பேச்சுவார்த்தையில்லாத சுவர்.
அதற்குள்தான்
இவ்வளவு நாளும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் மாடி ஜோஸ்மி, நர்ஸ்.
எங்கள் ஜன்னலிலிருந்து அவள் ஜன்னலுக்கு
ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயர்
தொட்டிச்செடிகளை உரசிக்கொண்டு இறங்குகிறது.
"ராத்திரி ட்யூட்டிக்கு நான் போன பிறகு வாசிச்சுக்கோ.
பகல்ல எனக்கு உறங்கணும்.
கரண்ட்டுக்கு மாசம் நூறு ரூபா.
மண்ணுக்கு ஒண்ணும் வேண்டா."

மீதி ஒன்பது டயோடுகள் மாத்திரை டப்பாவில்.
வைஃபை அடாப்டரில் பிளாஸ்திரி ஒட்டி
எழுதியிருக்கிறேன்: ரெஜினால்டு, தொடாதே.

ஏழரைக்குக்
கீழே கதவு பூட்டும் சத்தம்,
ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு.
ஆம்ப்பை முடுக்கினேன். பெடலை மிதித்தேன்.
சிவப்புக் கண் பார்க்கிறது.
ரெஜினால்டு ஸ்பீக்கரில் காதை வைத்து
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

"ஆன்ல இருக்கா?"