பொலிகிடாய்

பெயர் மைனர்.
சேலம் கருப்பு இனம், மூன்று வயது.
அயோத்தியாப்பட்டணம் தாண்டி
சேகோ ஆலைக்குப் பின்னால் கொட்டகை.
அழைத்து வந்தவர் சீரங்கன்.
ஷேர் ஆட்டோவில் ஆட்டுக்கும் சேர்த்து
இரண்டு சீட்டுக் காசு வாங்கிவிட்டானாம்,
அதைத்தான் முதலில் சொன்னார்.

போன தை வரைக்கும் இவன் ஏறினால் தப்பாது மேடம்.
ஒரு தடவைக்கு முந்நூறு.
வீராணத்திலிருந்தெல்லாம் பிடித்துக்கொண்டு வருவார்கள்.
இப்போது இருபத்தோராம் நாள்
அதே பெட்டை அதே கத்தலோடு திரும்பி வருகிறது,
காசைக் கேட்கிறார்கள்.
"பெட்டையிலதான் கோளாறுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.
பதினோரு பெட்டைக்கும்."

மைனரைப் பார்த்தால் குறை தெரியவில்லை.
தாடி இருக்கிறது. வீச்சம் இருக்கிறது.
ஆய்வகத்தின் பினாயில் வாசத்துக்கே
மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

ஒரு சொட்டு. இளஞ்சூட்டில் கண்ணாடி.
நல்ல கிடாயின் துளி
கொதிக்கும் கஞ்சி போல அலை புரளும்.
இது தேங்கிக் கிடந்தது.
வால் மடிந்த ஒன்று,
புது பஸ் ஸ்டாண்டில் வெளியே போகும் வழி தெரியாத
வெளியூர் வண்டி மாதிரி
அதே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.
தலை தனியே சில.
வால் தனியே பல.

அப்பா லீ பஜாரில் மூட்டை எண்ணுகிறவர்.
ஒன்று என்று சொல்லமாட்டார். லாபம் என்பார்.
லாபம், ரெண்டு, மூணு.
உயிரணு எண்ணும்போது
எனக்கும் உதட்டுக்குள் அப்படித்தான் வரும்.
அன்றைக்கு லாபத்தைத் தேடவே நேரமானது.

எந்தத் தண்ணீர் குடிக்கிறான் என்றேன்.
ஏரித் தண்ணிதான் என்றார்,
வேறென்ன குடிப்பான் என்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
மரவள்ளி கழுவிய நீர் புளித்து
வாய்க்கால் வழியே இறங்குகிறது.
அதைத் தின்று வளர்ந்திருந்தது பாசி,
நீலம் கலந்த பச்சை, பாலாடை போலக் கட்டி.
ஆட்டுக் குளம்பு பட்ட இடம் கிழிந்து
உடனே மூடிக்கொண்டது.
தண்ணீரில் தெரிய வேண்டிய சேர்வராயன் மலை
தெரியவில்லை.
ஒரு புட்டி மொண்டு வந்தேன்.

இந்தப் பாசியின் நஞ்சு ஈரலை முதலில் தொடும்.
அப்புறம் விதைக்குள் போகும்.
உயிரணு விளைகிற நுண்குழலின் சுவரை
உள்ளிருந்தே உதிர்க்கும்.
எலிக்கு அப்படி என்று புத்தகத்தில் இருக்கிறது.
மைனரைப் பற்றி அதில் இல்லை.
நாமக்கல்லுக்கு அனுப்பிய புட்டிக்குப் பதில் வரவில்லை.
அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தைப்
பென்சிலால் நிரப்பினேன்.

ஏழு வாரம் போர்த் தண்ணீர் மட்டும் கொடுங்கள்,
புதிதாய் ஊறி வர அவ்வளவு நாள் ஆகும்.
டிவிஎஸ் ஃபிஃப்டியில் இரண்டு கேன் கட்டி
தினமும் கொண்டுபோனாராம்.
மைனருக்கு நல்ல தண்ணீர்.
ஷிப்ட் முடித்த ஆண்கள் மட்டும்
அதே ஏரியில் கைகால் அலம்பி,
வாய் கொப்பளித்து,
வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.
சீரங்கனும் அந்த ஆலையில்தான் வேலை.

ஏழாம் வாரம் ஆடில்லாமல் வந்தார்.
நல்லா இருக்கான் மேடம், நாளைக்குப் புடிச்சிட்டு வர்றேன்.
சொல்லிவிட்டும் போகவில்லை.
சட்டைப் பொத்தானிடம் பேசுவது போலக் கேட்டார்:
"இந்தக் கண்ணாடியில ஆடு மட்டுந்தான் தெரியுமா?"

கல்யாணமாகி ஒன்பது வருசம்.
மலர்க்கொடி ஏற்காட்டுக்கு மேலே
சேர்வராயன் குகைக்குள் குனிந்து போய்
வேண்டிக்கொண்டு வந்தாயிற்று.
மூன்று ஸ்கேன், எல்லாம் அவளுக்கு.
பதினோரு பெட்டைகளுக்கு முன்னால்
அந்த வாக்கியம்
யாருக்குச் சொல்லப்பட்டது என்று புரிந்தது.

அறிக்கைத் தாளின் பின்பக்கம்
நாலு ரோட்டில் ஒரு முகவரி எழுதினேன், பேனாவால்.
மடித்து மடித்து
பீடிக்கட்டைவிடச் சின்னதாக்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் மைனரோடு மலர்க்கொடியும் வந்தாள்.
மூன்று சீட்டுக் காசு.
இந்த முறை அவர் அதைச் சொல்லவில்லை, அவள் சொன்னாள்.

ஒரு சொட்டு. இளஞ்சூட்டில் கண்ணாடி.
இருவரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.
குனிந்தேன்.
லாபம்,