பாவு போக விட்ட இடம்

பாத்திரம் பிரிந்தது. மாமரம் பிரிந்தது.
ரேஷன் கார்டு பிரிய மட்டும் ஆறு மாதம்.
தறிக்குழி எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை.
குழி எங்கள் பங்கில்.
பாவு நீளும் பதினாறு அடியில்
பாதிக்கு மேல் கொழுந்தன் பங்கில்.

சர்வேயர் டேப்பை நூலுக்கு மேலே பிடித்து
"இதை அறுத்துடலாமே" என்றார்.
நாலு சேலைப் பாவு சார்,
முதலாளி ஜரிகை சார்.
டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

கொத்தனார் திம்மராயன்தான் வழி சொன்னார்.
காவேரிப்பட்டினத்தில் அவர் கட்டிய சுவர்களில் பாதி
பேசாத அண்ணன் தம்பிகளுக்கு நடுவில்.
தரையிலிருந்து ஒரு அடி விட்டு
ஒரு முழ உயரம், மூன்று முழ அகலம்
செங்கல் வைக்காமல் விட்டார்.
மேலே ஒரு கடப்பாக்கல்.
பூச்சு இரண்டு பக்கமும் இரண்டு நிறம்.

அந்த வழியாகத்தான்
என் பாவு அவர்கள் வீட்டுக்குப் போகிறது.
கட்டிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையில்
முளையில் கட்டிக் கிடக்கிறது அதன் வால்.
சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.
யாரும் அறுக்கவில்லை.

அதே வழியாக இங்கே வருபவை:
கொள்ளு ரச வாசனை,
கொழுந்தனின் இருமல்,
ஆனி மாதத்தில் மாங்கூழ் ஃபேக்டரி ஈக்கள்,
நான் பார்க்கும் அதே சீரியல்
ஒரு நொடி பிந்தி.

நாலு விரற்கடை நெய்தால்
முளைக்கயிற்றைத் தளர்த்த வேண்டும்.
முன்பு எழுந்துபோய் நானே தளர்த்துவேன்.
இப்போது தெருவில் இறங்கி
அவர்கள் கேட்டைத் திறக்க வேண்டும்.
அந்தக் கேட்டில் நான் இன்னும் கை வைத்ததில்லை.
அதனால் பாவின் மேல் ஆள்காட்டி விரலால்
இரண்டு தட்டு.
அங்கே சவுடேஸ்வரி,
மூன்று வருஷம் என்னோடு ஒரே அடுப்பில் களி கிண்டியவள்,
வந்து தளர்த்துவாள்.
வார்த்தை கிடையாது.
சில நாள் வேண்டுமென்றே கூடுதலாய்த் தளர்த்துவாள்,
தொய்வை வைத்துக்கொண்டு நான் திண்டாடட்டும் என்று.
அதுவும் பேச்சுத்தான்.

அங்கே யார் தொட்டாலும் இங்கே தெரியும்.
லோகித் தொட்டால் நூல் கொசுபோலத் துடிக்கும்.
பூனை உரசினால் ஒரு ஓரம் மட்டும்.
ராத்திரி தண்ணீருக்கு எழுந்து
கொழுந்தன் முளையில் இடித்துக்கொண்டால்
விழுதெல்லாம் ஒருமுறை குதிக்கும்.
"வலிச்சிருக்கும்" என்பார் என் வீட்டுக்காரர்,
சுவரைப் பார்க்காமல்.

நேற்று காலை அவர்கள் வாசலில் ஆட்டோ நின்றது.
எங்கே போனார்கள், யாருக்கு என்ன, தெரியாது.
மத்தியானம் பேட்டில் மூன்றாவது மாங்காய் ஓடும்போது
அந்தப் பக்கமிருந்து
இரண்டு தட்டு.

நாடாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
தளர்த்த என்னிடம் எதுவுமில்லை.
கயிறு முழுக்க அவளிடம்தானே.

திரும்ப இரண்டு தட்டினேன்.
கொஞ்சம் பொறுத்து
அங்கிருந்து ஒன்று.

ஒன்றுக்கு எங்களிடம் அர்த்தம் கிடையாது.

மிதியிலிருந்து காலை எடுத்தேன்.
குழியைவிட்டு எழ நேரமாகும் எனக்கு,
முட்டி அப்படி.
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதும்
பாவு நடுங்குவது நிற்கவில்லை.