கைதட்ட ஆள் அனுப்பியவள்

முதல் வருஷம் தலைக்கு எண்பது ரூபாய்,
ஒரு பொட்டலம் லெமன் சாதம்.
கடைசி வருஷம் நானூற்றைம்பது.
சாதம் அதேதான்.

ஏகாம்பரகுப்பத்திலிருந்து விடியல் மூன்றரைக்கு
முனிரத்தினத்தின் வேன் கிளம்பும்.
நகரி மலையின் மூக்கு அந்த இருட்டில் தெரியாது,
இருக்கிறது என்பது தெரியும்.
எல்லைச் செக்போஸ்ட்டில் டார்ச் அடித்து எண்ணுவார்கள்.
இருபத்தெட்டுப் பெண்கள், தலை நிறையக் கனகாம்பரம்.
"கல்யாணமா?"
"ஆமா சார். எங்களுக்கும் டிவிக்கும்."

வெள்ளை வேண்டாம் என்பார்கள்.
பொடிக் கட்டம் வேண்டவே வேண்டாம், கேமராவில் துடிக்கும்.
எங்கள் தறியில் விழுவதெல்லாம் பொடிக் கட்டம்.
கடன் வாங்கிய புடவையில் போவோம்.

பதினெட்டு வருஷம் ஓடியது "மதியம் பேசலாம்."
அதை நடத்திய மூன்று பேரையும்
முதுகுப் பக்கமாக எனக்குத் தெரியும்.
முன்னால் வழவழவென்று நிற்கும் ரவிக்கையைப்
பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும் நாலு துணிக் கிளிப்.

ஃப்ளோர் மேனேஜர் விரலைச் சுழற்றினால் கைதட்டல்.
நெஞ்சைத் தொட்டால் உச்சுக்கொட்டல்.
எங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு,
சிரிப்பு அரை நொடி பிந்தி வரும்.
எடிட்டிங்கில் நகர்த்திக்கொள்வார்களாம்.
அழுகையை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

ஒரு மணிக்கு ஊரில் தறிகள் நிற்கும்.
சாப்பாட்டுக்கு என்று நினைத்தார்கள் முதலாளிகள்.
மூன்றாவது வரிசையில் எங்களை நாங்களே தேடுவோம்.

எப்போது என்று சொல்ல முடியாது,
ஊரின் பேச்சு மாறியிருந்தது.
ரேஷன் கடைச் சண்டையில் யாரோ சொன்னாள்,
"அவங்க முடிக்கட்டும், அப்புறம் உங்க பக்கம்."
பாவு ஓட்டும் பத்மாசினி புருஷனிடம்
"சின்ன இடைவேளைக்குப் பிறகு தொடரலாம்" என்றாள்.
அந்த இடைவேளை மூன்று நாள்.
கூலி உயர்வுக் கூட்டத்தில்
பெண்கள் பக்கமிருந்து மட்டும் எழுந்த கைதட்டல்
நான் பழக்கியது:
ஒரே சீர், ஏழு நொடி, பிறகு சட்டென்று அமைதி.
முதலாளிகள் பயந்தது அந்த அமைதிக்கு.

அடிக்கிற புருஷனை வெளியே சொல்லலாமா, கூடாதா
என்று ஒரு நாள் தலைப்பு.
யாருக்கோ போக வேண்டிய மைக்
கை மாறி இந்திராவதியிடம் வந்தது.
எழுந்து தெலுங்கில் பேசினாள்.
நாலு நிமிஷம்.
மேடையில் இருந்தவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை,
ஆனாலும் சரியான இடங்களில் தலையசைத்தார்,
பழகிய கழுத்து.
விரல் சுழன்றது.
நாங்கள் தட்டவில்லை.

ஒளிபரப்பில் அந்த நாலு நிமிஷம் இல்லை.
அந்த இடத்தில் ஒரு சோப்பு,
ஒரு குழந்தை, நிறைய நுரை.

ஆனால் அன்று இரவு வேனில்
திருவள்ளூர் தாண்டியும் யாரும் தூங்கவில்லை.
பாட்டுப் போட்ட முனிரத்தினம் அவனாகவே நிறுத்தினான்.
அவள் வீட்டு முன் வேன் நின்றபோது
அவள் மட்டும் இறங்கவில்லை,
இருபத்தெட்டுப் பேரும் இறங்கினோம்.
கதவைத் திறந்தவன்
எங்கள் கனகாம்பரத்தைப் பார்த்தான்,
வேனின் ஹெட்லைட்டைப் பார்த்தான்.
நாங்கள் ஒன்றும் பேசவில்லை.
பேசுவது அதுவரை எங்கள் வேலையாக இருந்ததில்லை.

போன ஆடியில் ஒரு ஃபோன்.
"இனிமே ஆள் வேணாம்க்கா,
கைதட்டல் கம்ப்யூட்டர்லயே இருக்கு."
காலி நாற்காலிகளை இருட்டில் விட்டு
ஆறு மாதம் ஓட்டினார்கள், பிறகு மூடினார்கள்.
அந்த ஆறு மாதமும் பார்த்தேன்.
ஜோக்குக்கு அரை நொடி பிந்தி ஒரு சிரிப்பு,
அதற்குள் ஒரு வறட்டு இருமல்.
பஞ்சுத் தூசி இருமல்.
பத்மாசினியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"நான்தான்," என்றாள். "இதுக்குக் காசு உண்டா?"

பழைய பாக்கியே ஆறாயிரத்து முந்நூறு
இன்னும் வரவில்லை.