ஏழாம் குழி

பள்ளத்தூர் தாண்டிப் பொட்டலில்
ஒன்பது குழி கோல்ஃப் மைதானம்.
ஏழாவது செத்தது சித்திரையில்.
போர்த் தண்ணீரில் உப்பேறி
நடுவில் ஒரு தட்டளவு பழுத்தது,
பிறகு தாம்பாளம், பிறகு பாய்.
மூன்று மருந்து அடித்தேன்.
தேதியோடு நோட்டில் இருக்கிறது.

ஒரு முழம் வெட்டி எடுத்தோம்.
அடியில் செம்புறாங்கல்,
கடப்பாரைக்கு மணிபோலப் பதில் சொன்னது.
சேவுகன் கையில் நான்கு பந்துகள் அகப்பட்டன,
வெள்ளை போய், கிழட்டுப் பல் நிறத்தில்.
"எவனோ தேடித் தேடி அலுத்திருப்பான்."

மீன்முள்ளாய்க் குழாய் பதித்து
மேலே ஜல்லி, ஜல்லிமேல் மணல்.
மணலுக்குத்தான் இரண்டு மாதம்.
ஆற்று மணலுக்குச் சீட்டு கிடைக்காது.
எம்-சாண்ட் இறுகிவிடும் என்று
நிபுணர் போனிலேயே தலையசைத்தார்.
கடைசியில் குவாரி மணலையே
லாரித் தண்ணீரில் ஏழுமுறை கழுவி
பதினோரு பேர் நின்று சலித்தார்கள்.

விதை விமானத்தில் வந்தது.
கசகசா அளவுதான்.
விலை கேட்டு பாகம்பிரியாள்
நெஞ்சில் கை வைத்தாள்.
காற்றெழாத விடியலில்
வடக்கு தெற்காக ஒரு நடை,
கிழக்கு மேற்காக ஒரு நடை,
தூவி முடிக்கும்வரை
மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டேன்.

மூன்றாம் நாள் மயில்கள்.
பதினாறு.
வட்டி வசூலிக்க வந்தவைபோல
அவசரமே இல்லாமல்.
பழைய சேலைகளைக் கட்டினோம்,
நிழலென்று அடியில் நின்று மேய்ந்தன.
அப்புறம் அழகுமீனாளின் தகர டப்பா.
என் தூக்கத்திலும் அதைத் தட்டினாள்.

ஒன்பதாம் நாள்,
நிமிர்ந்தால் மணல்,
குனிந்தால் பச்சை.
பாகம்பிரியாள் ஒரு முளையைக் கிள்ளிப்
பல்லில் வைத்துப் பார்த்தாள்.
"ஏங்க, இது நம்ம அருகு."
வேறு ரகம், பையில் பேர் இருக்கிறது என்றேன்.
"பை வேறயா இருக்கும்."

வயலில் இதைப் பிடுங்க அவளுக்குக் கூலி.
இங்கே இதை விட்டுவிட்டு
கோரை, தொய்யல், மற்றதெல்லாம் பிடுங்கக் கூலி.
இரண்டுக்கும் ஒரே தொகை.

முதல் வெட்டுக்கு முந்தின நாள்
ஓரத்தில் ஒரு பிடி குறைந்திருந்தது.
நான் கேட்கவில்லை.
சதுர்த்தி என்று காலண்டர் சொன்னது.

ஆறு வாரம் போய்
கத்தியை ஐந்து மில்லிமீட்டருக்கு இறக்கினேன்.
தோண்டி எடுத்த பந்தில் ஒன்றை உருட்டினோம்.
போனது, நேராகவே போனது,
குழிக்கு ஒரு சாண் இருக்கையில்
யாரோ கூப்பிட்டதுபோல இடப்பக்கம் திரும்பியது.

மண்டியிட்டுக் கன்னம் வைத்துப் பார்த்தேன்.
மேடு கண்ணுக்குத் தெரியவில்லை,
உள்ளங்கைக்குத் தெரிந்தது.
ஞாயிறு முதலாளி விருந்தாளிகளோடு வருகிறார்.

"விடுங்க" என்றான் சேவுகன்.
"தவறினா அவங்க
அவங்களைத்தானே திட்டிக்குவாங்க."