பக்கம் இருநூற்றுப் பதினொன்று

இரண்டு சுவர்களுக்கு நடுவே இரு என்கிறார்கள்.
ஒரு சுவர் குண்டை வாங்கிக்கொள்ளும், மற்றது கண்ணாடிச் சில்லை.
ஆகவே நடைவழியில் உட்கார்ந்திருக்கிறேன்,
பூட்ஸ்களுக்கும் தண்ணீர்க் கேன்களுக்கும் இடையில்.
மடியில் லுக்கியானின் நாவல்:
நானூற்றுப் பத்துத் தாள். பின்பக்கமெல்லாம்
கப்பல் கட்டும் தளத்தின் பழைய சம்பளப் பட்டியல்.
காகிதத்தில் அவன் எப்போதும் கெட்டி.
சொற்களில்தான் ஊதாரி.

“படி. திட்டு. ஆனால் கடைசிவரை படி” என்று
உறைமேல் கிறுக்கிக் கையில் திணித்துவிட்டு
பஸ் ஏறினான், சீருடையின் கடை மடிப்புக்கூடக் கலையாமல்.
ஐந்து வாரம் நான் தொடவில்லை.
மிக்கொலாயிவில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்,
தேநீரே கரிக்கிற ஊரில் நாவலுக்கு என்ன அவசரம்
என்று எனக்கு நானே சொன்ன சாக்கு.

நன்றாக இருந்துவிடுமோ என்று பயம்.

இருக்கிறது.
முதல் அத்தியாயத்தில் ஒரு வெல்டர்
மனைவியின் சவப்பெட்டிக்குத் தன் கையால் முழம் போடுகிறான்.
அதே கையால் பேரிக்காய் நறுக்குகிறான்.
அவ்வளவுதான்.
போர் வந்தால் பொறாமை ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன்.
அதுவும் என்னோடு நடைவழிக்கு வந்து
இரண்டு சுவர்களுக்கு நடுவே பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.

ஆற்றுக்கு அப்பால் எங்கோ விழுகிறது. எண்ணுகிறேன்.
மேல்மாடி ஹோர்பீனா கதவைத் தட்டி
“உயிரோடிருக்கிறாயா, ஒரு கேன் கடன் தருவாயா?” என்று
ஒரே மூச்சில் கேட்கிறாள்.
இரண்டுக்கும் ஆம் என்கிறேன்.

நூற்று எழுபதில் நான் வருகிறேன்.
பெயர் வேறு. ஆனால் என் நொண்டல், என் இருமல்,
செர்ரிப் பழத்தைக் கரண்டியால் தின்னும் என் கிறுக்கு.
வீட்டையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறான் அவளுக்கு.

பக்கம் இருநூற்றுப் பதினொன்று:
சமையலறை ஜன்னலில் நின்றாள். ஆறு தெரிந்தது.

பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினேன்:
தவறு. எதிரே ஐந்து மாடிக் கட்டடம். ஆறு தெரியாது.
இருபது வருடம் என் மேசையில் சூப் குடித்தவனே,
ஒருமுறையாவது வெளியே பார்த்தாயா?
அடிக்கோடும் இட்டேன். இரண்டு.

அபாயம் நீங்கியது என்றது சைரன்.
மரத்த காலை இழுத்துக்கொண்டு தேநீர் வைக்கப் போனேன்.
ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள்,
ஒரு மூலையில் ஆணி கழன்று படபடத்தது.
பிடித்து அழுத்தும்போது, அந்த இடுக்கில்,
செவ்வாய்க்கிழமை முதல் அங்கே இல்லாத கட்டடத்தின் வழியே
ஆறு.

சாம்பல் நிறம். ஒரு படகுமில்லை.

மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது.
செவ்வாய் இரவு மூடுவதற்குத் துணி கேட்டார்கள்,
இரண்டு போர்வை கொடுத்தவள் நான்.
பென்சில் பிடித்த கை மட்டும்
இன்னும் திங்கட்கிழமையில் இருந்திருக்கிறது.

லுக்கியானை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

திரும்பி வந்து அழிக்கப் பார்த்தேன்.
பென்சில் நுனி ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது.
தாள் கிழிந்தது. பின்பக்கத்தில் யாரோ ஒருவரின்
மே மாதச் சம்பளத்திலும் ஓட்டை.

இருக்கட்டும்.
அடுத்த பக்கத்தில் இரண்டு காற்புள்ளிகள் தப்பு.
அவற்றை விடப்போவதில்லை.